பதினோரு பேர் குடும்பம்

வெள்ளானூரில் ஞானகுமாரியின் வீட்டில் பதினோரு பேர் வசிக்கிறார்கள் என்ற விஷயம் முதலில் பொற்குடம் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் தெரிந்தது. ஞானகுமாரிக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அவளுக்குத் தெரிந்தவரை அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று அவள் புருஷன் வேதமுத்து. திருமழிசையில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர், காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிறவர். ஒரே மகள் ஷாரன் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள்.

எல்லாம் ஒரு சாதாரணக் கேள்வியில் ஆரம்பித்தது. ஆவடியில் பொற்குடம் கிளை திறந்த புதிதில், பில் போடும் பெண் தலை நிமிராமல் எல்லோரிடமும் "நம்பர் சொல்லுங்க" என்பாள். போன் நம்பரைச் சொன்னால் வாங்கிய சாமானுக்கெல்லாம் துளி சேரும். துளிகள் சேர்ந்து செம்பாகும், செம்புகள் சேர்ந்து குடமாகும். குடம் நிறைந்தால் எண்ணெய், துவரம் பருப்பு, சோப்புத்தூள் எல்லாம் பாதி விலை. இதற்கு மேல் கூப்பன்கள் வேறு. செவ்வாய்க்கிழமை உப்பு வாங்கினால் புளிக்கு ஒரு கூப்பன் தருவார்கள். அந்தக் கூப்பன் வியாழக்கிழமை மட்டும்தான் செல்லும், அதுவும் மிளகாய்த்தூளோடு சேர்ந்து வந்தால்தான். மிளகாய்த்தூள் வியாழக்கிழமை எப்போதும் இருப்பு இருக்காது. ஞானகுமாரி இந்தச் சட்டங்களையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தாள். மிளகாய்த்தூளைப் புதன்கிழமையே எடுத்து, பில் போடாமல் கடை அலமாரியின் பின்பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, மறுநாள் போய் எடுக்கும் அளவுக்கு அவளுக்குத் தேர்ச்சி வந்திருந்தது.

இருந்தும் குடம் நிறையவில்லை. இரண்டு பேர் சமையலில் எத்தனை துளி சேர்ந்துவிடும்? மார்ச் முடிந்தால் சேர்ந்ததெல்லாம் ஆவியாகிவிடும் என்று வேறு விதி இருந்தது. அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு சரசா வரிசையில் அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"யக்கா, என் நம்பர குடுத்தா தெனம் மெசேஜ் உட்டே உசுர வாங்கிடுவானுங்கோ. உன் நம்பரையே சொல்லிக்கிறேன். கொடம் ரொம்பிச்சின்னா பிரிச்சிக்கலாம், இன்னா?"

ஞானகுமாரிக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. சரசா வீட்டில் அவள், புருஷன் ஜெயராமன், இரண்டு பிள்ளைகள், மாமனார் பச்சையப்பன் என்று ஐந்து பேர். பிறகு எதிர்வீட்டு ரோஷினியும் சேர்ந்தாள். ரோஷினியும் அவள் கணவன் நிர்மலும் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். மாடி ரூமில் தங்கியிருந்த ஜெகதீஷும் அவன் நண்பனும் கடைசியாகச் சேர்ந்தார்கள். நாலு வீட்டுச் சாமானும் ஒரே நம்பரில் விழ, மாதம் தவறாமல் குடம் நிறைந்தது. எண்ணெயையும் பருப்பையும் மாடிப்படியில் வைத்துப் பங்கு போடுவார்கள். அதில் ஒருநாள்கூடச் சண்டை வந்ததில்லை. இதைச் சபையில் எழுந்து சாட்சியாகவே சொல்லலாம் என்று ஞானகுமாரி நினைத்ததுண்டு.

பொற்குடத்தார் அவளுக்கு ஒரு பட்டமும் கொடுத்தார்கள். அவர்கள் கடையில் வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது, எல்லோரும் விசுவாசிகள். சாதா விசுவாசி, செம்பு விசுவாசி, குட விசுவாசி, எல்லாருக்கும் மேலே பொற்குட விசுவாசி. ஞானகுமாரி பொற்குட விசுவாசி ஆனாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிரசங்கத்தில் கேட்கிற சொல் சோப்புத்தூள் பில்லின் அடியில் அச்சாகி வந்தபோது அவளுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் சோப்புத்தூள் பாதி விலை.

கடை வாசலில் இன்னொரு பலகை இருந்தது. 'அவிசுவாசிகள்' என்று மேலே சிவப்பு எழுத்து, கீழே சட்டம் போட்ட படங்கள். இலவச உப்பை இரண்டு முறை வாங்கியவர், காலாவதியான கூப்பனில் தேதியைத் திருத்தியவர், ஒரு நம்பரை இரண்டு குடும்பத்துக்குப் பயன்படுத்தியவர். அதில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அழப்போகிறவர்போல இருந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் நின்று பார்த்துவிட்டுத்தான் கூடையை எடுப்பார்கள். ஞானகுமாரி அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமலேயே போய்வந்துகொண்டிருந்தாள்.

நிர்மலுக்கு பெங்களூருக்கு மாற்றலாகி, ரோஷினி குழந்தையோடு கிளம்பிப் போனாள். அதற்கு அடுத்த வாரம் ஞானகுமாரியின் போனில் ஒரு செய்தி வந்தது. 'அன்பு விசுவாசியே! உங்கள் செல்லக் குழந்தை நலமா? நாப்கின் வாங்கி நாளாகிறதே!'

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனாலும் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

அதே மாதம் சரசாவின் மாமனார் பச்சையப்பன் மருமகளோடு கோபித்துக்கொண்டு, திருமழிசையில் இருக்கும் சின்ன மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சரசா அவருக்கென்று வாங்குகிற ஓட்ஸையும் மூட்டுவலித் தைலத்தையும் நிறுத்தினாள். இரண்டாவது செய்தி வந்தது.

'உங்கள் இல்லத்துப் பெரியவரை இழந்து வாடும் உங்களுக்குப் பொற்குடத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள். கற்பூரம், ஊதுவத்தி, வாழை இலைக்குத் துக்கச் சலுகை. காரியம் முடியும்வரை மட்டும்.'

ஞானகுமாரி கீழே ஓடி சரசாவிடம் காட்டினாள்.

"ஐய, எங்க மாமனாரு கல்லு மாதிரி கீறாருக்கா! நேத்திகூட போன்ல என்னிய கிழிகிழின்னு கிழிச்சாரு" என்ற சரசா, போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் மறுபடி பார்த்தாள். "கற்பூரத்துக்கு எவ்ளோ கொறைக்கிறான்?"

சரசா வீட்டில் ஆடிக் கூழ் ஊற்றுவதற்குக் கற்பூரமும் வாழை இலையும் வாங்கவேண்டியிருந்தது. சரசா அந்தக் கூப்பனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். துக்கச் சலுகையை ஏற்றுக்கொண்டதன் மூலம் இறப்பு உறுதி செய்யப்பட்டது என்று மறுநாள் செய்தி வந்தது. கூடவே இன்னொரு வரியும் இருந்தது. 'மற்ற மூவர் குறித்து எங்கள் அதிகாரி தொடர்புகொள்வார்.'

ஞானகுமாரி போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். வேதமுத்து வந்து, மகளிடம் பேசவேண்டும் என்று அதைத் தோண்டி எடுத்து உயிர்கொடுத்த நிமிஷமே அது அடித்தது.

"வணக்கம். பொற்குடம் விசுவாசப் பிரிவுலேர்ந்து நாகவல்லி பேசறேன். ஒரே மாசத்துல உங்க வீட்ல நாலு பேரு வாங்கறத நிறுத்திட்டாங்க. ஒரு இறப்பு கன்ஃபார்ம் ஆயிடுச்சு. மீதி மூணு பேரு... ஒரு ஆண், ஒரு பெண், ஒரு கைக்குழந்தை. எங்கம்மா அவங்க?"

அந்தக் குரல் அத்தனை அன்பாக இருந்ததுதான் பயம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஞானகுமாரி வாயைத் திறந்தாள். கண்ணாடியைக் கையில் பிடித்த பெரியவரின் முகம் குறுக்கே வந்தது. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் வரிசையாக நின்று அந்தப் பலகையைப் பார்ப்பதும், 'அவிசுவாசி' என்ற எழுத்துக்குக் கீழே தன் முகமும் கண்முன் வந்தன.

"ஊருக்குப் போயிருக்காங்க" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம். நாளைக்குக் காலைல நேர்ல வந்து மத்தவங்களப் பாத்துக்கறேன்."

"யாரு ஊருக்குப் போயிருக்கா?" என்று கேட்டார் வேதமுத்து.

"நம்ம வீட்டு ஆளுங்க" என்று சொல்லிவிட்டு ஞானகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வேதமுத்து வேலைக்குப் போன பிறகு, சரசா தன் குடும்பத்தையே மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. ஒரு டம்ளரில் பூங்கொத்துபோலப் பல் பிரஷ்களைச் செருகி பாத்ரூமில் வைத்தாள். ஜெகதீஷும் அவன் நண்பனும் தூக்கக் கலக்கத்தோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள்.

நாகவல்லி மஞ்சள் சேலையில், கையில் டேப்லெட்டோடு, சிரித்த முகமாக வந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. நாங்க போலீஸ் இல்ல. போலீஸ்னா வீட்டுக்குள்ள வர்றதுக்கு வாரண்ட் வேணும். எங்களுக்கு ஓடிபி போதும். ஆப் போடறப்பவே நீங்க எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிட்டீங்க."

பீரோவைத் திறந்து பார்த்தாள். குளியலறையில் சோப்பை எடுத்து முகர்ந்தாள். பிரஷ்களை எண்ணினாள். பிறகு ஆட்களிடம் வந்தாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"பையன்" என்றான் ஜெகதீஷ்.

"நீங்க?"

"நானும் பையன்தான் மேடம். ரெட்டை" என்றான் நண்பன். அவன் ஜெகதீஷைவிட ஒரு முழம் உயரம்.

"நான் மருமவ. இது ரெண்டும் பேரப் புள்ளைங்கோ" என்றாள் சரசா. எல்லோரும் ஜெயராமனைப் பார்த்தார்கள். ஞானகுமாரியைவிட மூன்று நான்கு வயதுதான் இளையவன், மீசை நரைத்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டான். "மூத்த பையன்" என்றான். சொல்லிவிட்டு, "அம்மா, தண்ணி" என்றும் கேட்டான். ஞானகுமாரி ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாகவல்லி எல்லாவற்றையும் பதிவு செய்தாள். எதையும் சந்தேகப்படவில்லை. "ஏழு பேர் நேர்ல இருக்காங்க. ஒரு இறப்பு. மூணு பேர் நிலுவை. எங்க சிஸ்டம் பதினொண்ணுன்னு சொல்லுது. சிஸ்டம் தப்பா இருக்காதும்மா. உங்க வீடுதான் தப்பா இருக்கும்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மெதுவாகக் கேட்டாள். அன்று ஞானகுமாரிக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். ரோஷினிக்கு போன் போட்டு, குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

இரண்டு நாள் கழித்து சபைக்குப் போகிற வழியில் கடை வாசலைப் பார்த்தாள். அவிசுவாசிகள் பலகையில் புதிதாக ஒரு சட்டம் மாட்டியிருந்தது. படம் இல்லை, வெள்ளைத் தாள்தான். அதற்குக் கீழே அவளுடைய போன் நம்பரின் கடைசி நாலு எண்கள். ஒரு பெண் அதைத் தன் தோழிக்குக் காட்டி, "யாரோ வரப்போறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானகுமாரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நல்ல வெயிலில், ஷேர் ஆட்டோவில்கூட ஏறாமல் நடந்தாள். அன்றைய ஆராதனையில் போதகர் 'விசுவாசிகளே' என்று கூப்பிட்டபோது அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

தலைமை அலுவலகத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட் நட்டு செய்கிற பட்டறைக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் நடுவில் கண்ணாடிக் கட்டடம். வேதமுத்து லீவு போட்டுக் கூடவே வந்தார். ஆவடியிலிருந்து ரயிலில் வரும்போது, "மளிகைக் கடைக்குத்தானே போறோம், கோர்ட்டுக்கா போறோம்?" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் கொஞ்சம் வறண்டு வந்தது. ஒருவர்தான் உள்ளே போகலாம் என்று வாசலில் காவலாளி சொல்லிவிட்டதால் வேதமுத்து எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

விசுவாசப் பிரிவின் மண்டல அதிகாரி பெயர் பரந்தாமன். கருத்த மீசை, கோட்டு, கழுத்தில் பொற்குடம் போட்ட பட்டை. நாகவல்லி பக்கத்தில் நின்றாள். ஞானகுமாரியை உட்காரச் சொல்லாமல் பேச ஆரம்பித்தார்.

"அம்மா, விசுவாசம்னா என்னன்னு நெனைக்கிறீங்க? பொண்டாட்டி புருஷன்மேல வெக்கறது, நாய் வீட்டுமேல வெக்கறது, நீங்கள்லாம் கடவுள்மேல வெக்கறது... அதெல்லாம் சும்மா வாய்ப்பேச்சு. யாரு அளந்தா? நாங்கதான் முதல் முதலா விசுவாசத்தத் துளிக் கணக்குல அளந்தோம். ஒருத்தரு நம்ம கடையில மட்டும் வாங்கறாரா, இல்ல தெருமுனைக் கடையில ஒரு பென்சில் வாங்கிட்டாரா, எல்லாம் தெரியும். அவரப் பத்தி அவருக்குத் தெரியாததுகூட எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தலவலி வர்றதுக்கு மொத நாளே நாங்க தைலத்துக்குக் கூப்பன் அனுப்பிடுவோம். தலவலி வராட்டி அது உங்க தப்பு. இவ்ளோ அக்கறையா உங்கள யாரு பாத்துப்பாங்க சொல்லுங்க? இப்ப சொல்லுங்க. மீதி மூணு பேரு எங்க?"

ஞானகுமாரி 'ஆண்டவரே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சரசா, ரோஷினி, மாடி ரூம் பையன்கள், மாடிப்படியில் பங்கு போட்டது, ஜெயராமன் மூத்த மகன் இல்லை என்பது, எல்லாவற்றையும். "எங்க வீட்ல ரெண்டே ரெண்டு பேருதாங்க சார். படத்த மட்டும் மாட்டிடாதீங்க. துளியெல்லாம் வேணாலும் எடுத்துக்கங்க" என்று அழுதாள்.

பரந்தாமனின் முகம் வெளுத்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க." நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். "ஆவடி கிளையில ஒவ்வொரு குடும்பத்துலயும் ஆளு கூடிக்கிட்டே போகுதுன்னு நான் சேர்மனுக்குக் கிராப் போட்டுக் காட்டியிருக்கேன். எனக்கு பிரமோஷன் குடுத்ததே அந்தக் கிராப்புதான். அத நம்பி வெள்ளானூர்ல புதுக் கிளை கட்டியாச்சு. சனிக்கிழமை திறப்பு விழா. உங்க குடும்பம்தான் ஆதர்ச குடும்பம், மேடையில சேர்மன் கையால பொற்குடம், ஒரு வருஷத்து மளிகை. இப்ப வந்து ரெண்டு பேருன்னா... அந்த பில்டிங்ல யாரும்மா வந்து வாங்குவா?"

"அதே ஆளுங்கதான் சார் வாங்குவாங்க. அவங்கவங்க வீட்டுக்கு..."

"பதினொண்ணு வேணும்." அவர் நெற்றி வேர்வை மேஜைமேல் சொட்டியது. "உண்மைன்னு ஒண்ணு இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். சனிக்கிழமை பதினோரு பேரு இல்லேன்னா உங்க படம் ஆவடியில மட்டும் இல்ல, பூந்தமல்லி, அம்பத்தூர் எல்லாக் கிளையிலயும் மாட்டுவோம்."

"சார், அந்தப் பெரியவர் இறந்துட்டார்னு பதிவாயிருக்கு" என்று நினைவூட்டினாள் நாகவல்லி.

"திரும்ப சேக்க வழி இருக்கா?"

"இருக்கு சார். 'மீண்டும் வருக' திட்டம். ஒரு வெல்கம் கூப்பன் போகும்."

மரித்து எழுந்தவர்களைப் பற்றி ஞானகுமாரி வேதத்தில் படித்திருக்கிறாள். அவர்கள் யாருக்கும் கூப்பன் கொடுத்ததாக அதில் இல்லை. அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். டீக்கடையில் வேதமுத்து மூன்று கிளாஸ் டீயை வாங்கி, ஒன்றையும் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை வெள்ளானூர் கிளை வாசலில் வாழைமரமும் பலூனும் கட்டியிருந்தார்கள். சரசா திருமழிசைக்கே போய் மாமனாரைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். பச்சையப்பன் தான் இறந்த செய்தியை அன்றுதான் கேள்விப்பட்டார். "எவன்டா என்னிய சாவடிச்சது?" என்று மேடைக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தபோதே ஞானகுமாரியின் போனில் அவருக்கு வெல்கம் கூப்பன் வந்து விழுந்தது. ரோஷினியின் குடும்பம் வரமுடியவில்லை. அதற்குப் பரந்தாமனே ஏற்பாடு செய்தார். நாகவல்லி அடையாள அட்டையைக் கழற்றிவிட்டு ரோஷினி ஆனாள். கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் நிர்மல் ஆனார். கடை பெருக்குகிற கமலத்தின் பேத்தியை வாங்கி நாகவல்லியின் இடுப்பில் வைத்தார்கள். அது புது அம்மாவைப் பார்த்து வீறிட்டது.

ஞானகுமாரி கவனித்தாள். சேர்மனின் கார் வந்து நின்றபோது பரந்தாமன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அது ஜெபம் மாதிரித்தான் இருந்தது.

சேர்மன் இராமகிருஷ்ணன் குள்ளமானவர், மெல்லிய குரல்காரர். "எங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை. குடும்பம்தான். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் உறவினர்கள் மறந்துபோவார்கள். நாங்கள் ஒருநாளும் மறக்கமாட்டோம்" என்று மைக்கில் பேசினார். கூட்டம் கை தட்டியது. பிறகு போட்டோவுக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஞானகுமாரி நடுவில் பொற்குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், ஆராதனைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வேதமுத்து வந்து நின்றார்.

சேர்மன் விரலால் எண்ணினார். நின்றார். மறுபடி எண்ணினார்.

"பரந்தாமன், பன்னெண்டு வருதே."

பரந்தாமன் பாய்ந்து வந்து டேப்லெட்டில் முகம் முகமாகத் தேடினார். வேதமுத்துவின் முன்னால் வந்து நின்றார். "நீங்க யாரு?"

"நான்தான் இவ வீட்டுக்காரன்."

"உங்க பதிவுல வீட்டுக்காரர்னு யாரும் இல்லையேம்மா" என்று ஞானகுமாரியைப் பார்த்தார். "ஷேவிங் சோப்பு கிடையாது. துண்டு கிடையாது. ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இவருக்குன்னு வாங்கல. இவர் எப்படி உயிரோட இருக்கார்?"

"கம்பெனில சோப்பும் துண்டும் குடுக்கறாங்க சார். காலைலயும் மத்தியானமும் கேண்டீன்ல சாப்பாடு. ஷேவிங் சலூன்ல..." வேதமுத்து குற்றம் செய்தவர்போல வரிசையாகச் சொன்னார்.

"அப்ப நீங்க இல்ல. கொஞ்சம் வெளிய நில்லுங்க சார், ஃபிரேம் கெடுது."

வேதமுத்து யார் சொன்னாலும் கேட்கிறவர். "சரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய், தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த மூலையில் நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்தார்.

ஞானகுமாரிக்கு அந்தப் பலகை, சிவப்பு எழுத்து, மூன்று கிளையிலும் தன் முகம், எல்லாம் கண்முன் வந்து நின்றன. அப்படியும் பொற்குடத்தை ஜெகதீஷ் கையில் திணித்துவிட்டு இறங்கினாள்.

"எங்கம்மா போறீங்க? பத்து ஆயிடும்!" என்றார் பரந்தாமன். அது அதட்டலாக ஆரம்பித்துக் கெஞ்சலாக முடிந்தது.

"அவரு இல்லாத வீட்ல நான் மட்டும் எப்படிங்க சார் இருப்பேன்?" என்றாள். நிற்காமல் நடந்துபோய்ப் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"பயமா இருக்கா ஞானம்?" என்று கேட்டார் வேதமுத்து.

"ரொம்ப."

"எனக்கும்."

மேடையில் சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பரந்தாமன் கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்தார், கோட்டைக் கழற்றினார், ஜெகதீஷ் கையிலிருந்து பொற்குடத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஞானகுமாரி நின்ற இடத்தில் போய் நின்றார். சேர்மன் எண்ணினார். பதினொன்று. திருப்தியாகத் தலையாட்டினார். விளக்கு மின்னியது.

அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு வெள்ளானூர் கிளை வாசலில் மாட்டப்பட்டது. 'ஆதர்ச குடும்பம்' என்று தலைப்பு. இடமிருந்து வலம் பெயர்கள். அவிசுவாசிகள் பலகையில் இருந்த வெள்ளைத் தாள் சட்டத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஒரு வருஷத்து மளிகையோடு வேன் வந்து நின்றது. மூட்டைகளைப் படியேற்றிக் கொண்டுவந்த நடுத்தர வயதுக்காரர் கதவைத் தட்டினார். ஞானகுமாரி பாதி கதவைத் திறந்தாள்.

"ஞானகுமாரி கையெழுத்து போடணும்."

"நான்தாங்க."

அவர் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இன்னாமா வெளையாடறியா? ஞானகுமாரிக்கு மீசை கீது. உனுக்கு இல்லியே."

உள்ளேயிருந்து வேதமுத்து எட்டிப் பார்த்தார். வந்தவர் அவரையும் படத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். "நீயும் இதுல இல்ல. வூட்டுக்காரங்கள யாராச்சும் இருந்தா கூப்புடுங்கோ. எனக்கு இன்னும் நாலு எடம் கீது."

சத்தம் கேட்டு சரசா மேலே ஏறி வந்தாள். அவள் முகம் படத்தில் இருந்தது, மருமகள் என்று போட்டிருந்தது. அவளே கையெழுத்துப் போட்டாள். மூட்டைகள் கீழ்வீட்டுக்கு இறங்கின. போகும்போது சரசா திரும்பி, "இவன் போவட்டும்க்கா, அப்பால பிரிச்சிக்கலாம்" என்று கண்ணைக் காட்டினாள்.

வந்தவர் கிளம்பவில்லை. படிக்கட்டில் நின்று, போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "இல்ல சார், மேல் ஊட்ல பதிவுல கீற ஆளு ஒருத்தருமே இல்ல. ரெண்டு பேரு யாரோ தெரியல, உள்ள கீறாங்கோ."

ஞானகுமாரி கதவை மெல்லச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மணி ஒன்றாகியிருந்தது. அன்றைக்கு வேதமுத்துவுக்கு வாராந்திர லீவு. இருவரும் தரையில் உட்கார்ந்து தட்டைப் போட்டுக்கொண்டார்கள். அவள் சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினாள். அவர் அப்பளத்தை எடுத்து வாயருகில் கொண்டுபோனபோது, அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா மெல்லுங்க," என்று காதோடு சொன்னாள், "வெளிய கேட்டுடப் போவுது."